போனஸ் பணம் பொம்மைக் கடைக்கா?

தீபாவளி நெருங்கிவிட்டது. ஆலை வாசலில் போனஸ் பேச்சு. தஞ்சைத் தரணியில் சம்பா நடவு வரப்பில் கூலிப் பேச்சு. இந்தப் பேச்சுக்கள் முடிவதற்கு முன்பே கடைத்தெருவில் வேறொரு பேச்சு கிளம்பிவிட்டது. "குழந்தைக்கு என்ன வாங்கப் போகிறீர்கள்?" என்று வியாபாரி கேட்கிறான். சுவரொட்டி கேட்கிறது, தொலைக்காட்சி கேட்கிறது, கைப்பேசி கேட்கிறது. கேள்வியைக் கேட்பவனே பதிலையும் கையில் வைத்திருக்கிறான்: பொம்மை! சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை, பாட்டரி போட்டால் பாடும் பொம்மை, ரிமோட்டை அழுத்தினால் பாயும் கார், விசையை இழுத்தால் சடசடவென்று சுடும் துப்பாக்கி!

நாம் கேட்கிறோம்: போனஸ் யாருடைய பணம்? முதலாளி இரக்கப்பட்டுக் கொடுத்த இனாமா? இல்லை. ஆண்டு முழுவதும் நாம் உழைத்ததில் நமக்குச் சேரவேண்டியிருந்து, அவன் பிடித்து வைத்திருந்த கூலி அது. அதை வாங்குவதற்கு எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை வாயிற்கூட்டம், எத்தனை பேர் வேலை இழந்தார்கள்! 1965ல் போனஸ் சட்டம் வந்தபோது குறைந்தபட்சம் 4 சதவீதம் என்றுதான் எழுதினார்கள். போராடிய பிறகே அது 8.33 சதவீதம் ஆயிற்று. 8.33 சதவீதம் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. கணக்குக்கு ஒரு மாதக் கூலி. உச்சவரம்பு என்று சொல்லி அதிலும் வெட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இப்படி வாங்கிய பணம் ஆலைக் கல்லாவிலிருந்து நம் கைக்கு வந்து, அன்று மாலையே கடைக் கல்லாவுக்குப் போய்விடுகிறது. வேட்டி சேலை போகட்டும், பலகாரம் போகட்டும். பண்டிகைக்கு அவை வேண்டும். குழந்தைக்கு என்று ஒதுக்குகிறோமே, அந்தப் பங்கு எங்கே போகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

ஒரு தோழர் வீட்டில் கண்டது

சென்ற ஆண்டு தீபாவளி கழிந்த எட்டாம் நாள். கோவைப் பக்கம் நூற்பாலைத் தோழர் ஒருவரின் வீட்டுக்குச் சந்தா வாங்கப் போயிருந்தோம். திண்ணை மூலையில் ஒரு கார் கிடந்தது. சிவப்பு நிறம், ஒரு சக்கரம் இல்லை, ரிமோட்டின் மூடியும் இல்லை. ஆறு வயதுப் பையன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வாசலில் சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். காரின் விலை 1,200 ரூபாய் என்றார் தோழர். இரண்டு நாள் கூலிக்கு மேல். போனஸ் கைக்கு வரத் தாமதமானதால் வட்டிக்கு வாங்கிய பணம் அது. கந்துவட்டியை ஒழிக்க 2003ல் சட்டம் வந்தது. சட்டம் வந்து இத்தனை ஆண்டாகியும் வட்டிக்காரன் வாரந்தோறும் நம் வாசலுக்கு வருவது நிற்கவில்லை.

உள்ளே அவருடைய மூத்த பெண் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. புத்தகத்தை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். தாயார் சொன்னார்: "இவளுக்குப் படிப்பு ஏறலீங்க தோழர். டீச்சரே சொல்லிட்டாங்க. ஒரு புரோக்கர் வந்து போயிருக்காருங்க. மில்லுலயே தங்கி மூணு வருசம் வேலை செஞ்சா, கல்யாணத்துக்குன்னு மொத்தமாப் பணம் தர்றாங்களாமுங்க."

தோழர்களே, அந்தப் புரோக்கர் யார் என்று நமக்குத் தெரியாதா? 'சுமங்கலித் திட்டம்' என்று அழகான பெயர் சூட்டி, கிராமத்து ஏழைப் பெண்களை ஆலை விடுதிக்குள் பூட்டி வைத்து வேலை வாங்கினார்களே, அந்த வழியில் வந்தவன்தான் அவனும். அந்தப் பெயர் நாறிப்போனதும் பெயரை மாற்றிக்கொண்டார்கள், வலையை மாற்றவில்லை.

நாம் அந்தப் பெண்ணைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்கச் சொன்னோம். இருந்த இடத்திலிருந்து அவளால் முடியவில்லை. எழுந்தாள், இரண்டடி நடந்தாள், மூன்றாவது அடியும் வைத்த பிறகுதான் தேதியைச் சொன்னாள். "பள்ளியில் எந்த வரிசையில் உட்காருகிறாய், அம்மா?" என்று கேட்டோம். "நாலாவது வரிசைங்க" என்றாள். படிப்பு ஏறாமல் போகவில்லை. கரும்பலகைதான் அவள் கண்ணுக்கு எட்டவில்லை!

மறுநாளே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். கிட்டப்பார்வை என்றார் டாக்டர். கண்ணாடிக்கு ஆன செலவு அந்தச் சிவப்புக் காரின் விலையில் பாதிகூட இல்லை. கண்ணாடி போட்டதும் வகுப்பில் முதல் மாணவியாகிவிட்டாள் என்று கதை கட்ட மாட்டோம். கணக்கில் இன்னும் தடுமாறத்தான் செய்கிறாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். புரோக்கர் வேறு வீடு தேடிப் போய்விட்டான்.

அந்தத் தகப்பனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளைமேல் அவருக்கு இருந்த பாசத்தில் ஒரு குன்றிமணி அளவும் குறைவில்லை. அந்தப் பாசத்தைக் கடைக்காரன் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். இதுதான் குற்றச்சாட்டு.

அந்தப் பொம்மையைச் செய்தவர்கள் யார்?

பளபளக்கும் பெட்டியைப் பார்க்கிறோம். அதைச் செய்த கைகளைப் பார்க்கிறோமா? 1993 மே 10 அன்று தாய்லாந்தில், பாங்காக் நகருக்கு அருகே, கேடர் என்னும் பொம்மைத் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. பணக்கார நாடுகளின் குழந்தைகளுக்காகப் பஞ்சுப் பொம்மையும் பிளாஸ்டிக் பொம்மையும் செய்த ஆலை அது. வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன. மாடிகளிலிருந்து தொழிலாளர்கள் குதித்தார்கள். கட்டடமே சரிந்து விழுந்தது. 188 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் கிராமத்திலிருந்து பிழைக்க வந்த இளம் பெண்கள். அதே ஆண்டு நவம்பரில் சீனாவின் ஷென்சென் நகரில் இன்னொரு பொம்மை ஆலை எரிந்தது. அங்கும் 80க்கு மேற்பட்டோர் பலியானார்கள். அங்கும் சன்னல்களுக்குக் கம்பி, கதவுகளுக்குப் பூட்டு.

பஞ்சு, தீ, பூட்டிய கதவு: இந்த மூன்றும் நூற்பாலைத் தொழிலாளிக்குப் புதிய செய்தியா? அந்தப் பெண்களும் நம் வீட்டுப் பெண்களும் ஒரே ஜாதி, உழைக்கும் ஜாதி. ஒரு தொழிலாளியை உருக்கிச் செய்த சாமானை இன்னொரு தொழிலாளிக்குக் கடனுக்கு விற்கிறார்கள். இரண்டு பக்கமும் லாபம் ஒருவனுக்கே.

சாமான்தான் நல்ல சாமானா? 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து குழந்தைகளின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று உத்தரவு இருக்கிறது. பண்டிகைக் காலத்தில் நடைபாதையில் குவித்து விற்கும் பொம்மைகளைத் திருப்பிப் பாருங்கள். எத்தனையில் அந்த முத்திரை இருக்கிறது? மலிவான சாயத்தில் ஈயம் கலந்திருந்தால், வாயில் வைத்துச் சப்பும் குழந்தையின் மூளையையே அது தாக்கும். பொத்தான் அளவுள்ள பாட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக் குழாயை அரித்துவிடும். முத்திரை உள்ள பொம்மைக்கு விலை அதிகம். முத்திரை இல்லாதது நம் தெருவுக்கு வருகிறது. ஏழையின் குழந்தைக்கு விஷமும் மலிவு விலையில்!

கையை நீட்டப் பழக்கும் பொம்மை

இன்னொரு வகைப் பொம்மையும் உண்டு. ஓர் ஆலையில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறோம். போனஸ் கோரிக்கையை நிர்வாகம் தட்டிக் கழித்தது. ஆயுத பூஜை வந்தது. தொழிலாளர்களின் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பொம்மையும் ஒரு பொட்டலம் மிட்டாயும் கொடுத்தார்கள். போட்டோ பிடித்தார்கள். "முதலாளிக்கு வணக்கம் சொல்லு" என்று குழந்தைகளின் கையைக் கூப்ப வைத்தார்கள். தாய்மார்கள் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்ன? வேலை நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம். அது வரவில்லை, பொம்மை வந்தது!

கீழத்தஞ்சைப் பெரியவர்களைக் கேளுங்கள். பண்ணையாள் முறை இருந்த காலத்தில் பொங்கலுக்குப் பண்ணையார் வீட்டு வாசலில் நின்று ஒரு துண்டுத் துணி வாங்க வேண்டும். அதைக் கொடுத்த கைதான் மறுநாள் சவுக்கையும் எடுத்தது, சாணிப்பாலையும் கரைத்தது. செங்கொடிச் சங்கம் எழுந்து நின்ற பிறகுதான், 1952ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொடை என்ற பேச்சுப் போய்க் கூலி என்ற பேச்சு வந்தது. பிச்சையாக வாங்கிய பட்டுத் துணியைவிட உரிமையாக வாங்கிய கோணித் துணி மேல் என்று நம் முன்னோர்கள் போராடிக் காட்டினார்கள். பெற்றோர் தம் கூலியிலிருந்து கொடுக்கும் பரிசு குழந்தையின் முதுகை நிமிர்த்தும். எசமானன் வீசும் பொம்மை அதை வளைக்கும். இந்த வேற்றுமையைக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

"ஏழைக் குழந்தை விளையாடக் கூடாதா?"

இப்படிக் கேட்பார்கள். நல்ல கேள்விதான், நேராகவே பதில் சொல்வோம்.

விளையாட வேண்டும்! கட்டாயம் விளையாட வேண்டும். 1989ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு விளையாட்டை உரிமை என்றே சொல்கிறது. இந்தியாவும் 1992ல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் விளையாட்டு வேறு, விளையாட்டுச் சாமான் வியாபாரம் வேறு. பனங்காய் வண்டியும், பூவரசம் பீப்பியும், கிட்டிப்புள்ளும், களிமண் மாடும் எந்தக் கடையில் விற்றார்கள்? அவற்றைக் குழந்தையே செய்தது. உடைந்தால் குழந்தையே திருத்தியது. ரிமோட் காரில் குழந்தைக்கு என்ன வேலை? பொத்தானை அழுத்துவது ஒன்றுதான். கார் விளையாடுகிறது, குழந்தை வேடிக்கை பார்க்கிறது. டயரைத் தட்டி ஓட்டிய அந்தப் பையன் நமக்கெல்லாம் பாடம் சொல்லிவிட்டான்.

அரவிந்த் குப்தா என்று ஒருவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த எஞ்சினியர். லாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை. 1978ல் ஓராண்டு லீவு எடுத்துக்கொண்டு, மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் கிராமப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் திட்டத்தில் சேர்ந்தார். சைக்கிள் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணம், சதுரம், வீட்டுக் கூரை என்று குழந்தைகளைக் கட்ட வைத்தார். முக்கோணம் ஆடாது, சதுரம் ஆடும் என்று குழந்தை தன் விரலாலேயே கண்டுபிடித்தது. 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் குழந்தைக்குக் கொடுத்ததோ ஒரு தீப்பெட்டியும் ஒரு வால்வு டியூபும்!

"புத்தகம் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை மூலையில் போட்டுவிடுகிறதே?" என்று இன்னொரு தோழர் கேட்டார். தனியாக விட்டால் மூலையில்தான் போடும். கூட உட்காருங்கள். நமக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன? பிள்ளை படிக்கட்டும், நாம் கேட்போம். டீக்கடையில் ஒருவர் பத்திரிகை படிக்க, பத்துப் பேர் கேட்டு அரசியல் தெரிந்துகொண்ட வர்க்கம் நம் வர்க்கம். தகப்பனுக்குத் தெரியாததைத் தான் சொல்கிறோம் என்ற பெருமை ஒன்று போதும். அந்தப் பிள்ளை புத்தகத்தைக் கீழே வைக்காது.

மூன்றாவது கேள்விதான் கடுமையானது. "அடுத்த வீட்டுக் குழந்தையிடம் இருக்கிறது, என் குழந்தை ஏங்குகிறதே!" இந்த ஏக்கத்தை நாம் கேலி செய்ய மாட்டோம். ஏங்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாயாலும் முடியாது. ஆனால் இந்த ஏக்கத்துக்குத் தனித்தனியாக மருந்து வாங்கினால் கடன்தான் மிஞ்சும். அடுத்த ஆண்டு இன்னும் பெரிய பெட்டி வரும். கூலி உயர்வைத் தனித்தனியாகக் கேட்டா வாங்கினோம்? தெருவுக்குப் பொதுவாக ஒரு காரம் பலகை, ஒரு கால்பந்து, ஒரு சதுரங்கப் பலகை வாங்குங்கள். பத்து வீடு சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு சொற்பம். பத்துப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும். சேர்ந்து விளையாடிய பிள்ளைகள் நாளைக்குச் சேர்ந்து நிற்கவும் தெரிந்துகொள்ளும்.

அப்படியானால் என்ன கொடுப்பது?

எதிர்த்துப் பேசினால் போதாது. வழியும் சொல்ல வேண்டும். சொல்கிறோம்.

முதலாவது, கண். இந்தத் தீபாவளிக்கு முன் உங்கள் பிள்ளையை எட்டி நிறுத்திச் சுவர்க் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976லிருந்து இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் அதில் அடக்கம். நம் வரிப்பணம்தான், கூச்சப்படாமல் கேளுங்கள்.

இரண்டாவது, நூலகம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் 1948ல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள். வாடகை வீட்டுக்காரனும் வாடகையோடு சேர்த்து அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான். பணம் கட்டுகிறோம்; உள்ளே நுழைய ஏன் தயங்குகிறோம்? சிறு தொகை கட்டிப் பிள்ளையின் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். 1931லேயே மன்னார்குடி மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள்; சீர்காழியில் பிறந்த நூலக மேதை ரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். மாட்டு வண்டியில் நம் தெருவுக்கு வந்த புத்தகத்தை நாம் இன்று நடந்துபோய் எடுக்கக் கூடாதா? உங்கள் ஊர் நூலகம் பூட்டிக் கிடந்தால், அதைத் திறக்க வைப்பதையே கிளையின் அடுத்த வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சொந்தப் புத்தகம். மாஸ்கோவில் அச்சாகித் தமிழில் வந்த குழந்தைப் புத்தகங்களை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. கெட்டி அட்டை, வண்ணப் படம், சில ரூபாய் விலை. ரா. கிருஷ்ணய்யா, பூ. சோமசுந்தரம் போன்றோர் மொழிபெயர்த்த நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் ஊர் ஊராகக் கொண்டுவந்து விற்றார்கள். 1991ல் சோவியத் ஒன்றியம் சிதறியதும் அந்த வரத்து நின்றது. ஆனாலும் குழந்தைகளுக்கென்று மலிவு விலையில் புத்தகம் போடுவோர் தமிழில் இன்றும் இருக்கிறார்கள். 1957ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டும் தமிழில் வெளியிடுகிறது. அந்த ஒரு சிவப்புக் காரின் விலைக்கு ஒரு சிறு அலமாரித் தட்டே நிரம்பும். ஒரு தமிழ் அகராதி வாங்கி முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுங்கள். உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் பெயர் புத்தகத்தில் ஏறட்டும்.

நான்காவது, காசில்லாத பரிசுகள். வாய்க்கால் கரையில் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். ஆண் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெண் பிள்ளைக்கும். ஆண்டுதோறும் குளத்திலும் ஆற்றிலும் நாம் பறிகொடுக்கும் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். வீட்டு ஓரத்தில் ஒரு முருங்கைப் போத்து ஊன்றி, "இது உன் மரம்" என்று சொல்லுங்கள். ஆட்டுக்குட்டி வாங்கித் தரலாமா என்று கேட்கும் விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆட்டைப் பிள்ளை மேய்க்கட்டும் என்று தொடங்கினால், கடைசியில் ஆடு பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஆட்டை நீங்கள் மேயுங்கள். குட்டி விற்ற காசு பிள்ளையின் படிப்புக்கு ஆகட்டும்.

ஐந்தாவது, ஒரு நாள். உங்கள் ஒரு நாளைப் பிள்ளைக்குக் கொடுங்கள். கல்லணையைக் காட்டுங்கள், 1934ல் கட்டி முடித்த மேட்டூர் அணையைக் காட்டுங்கள். அரசன் பெயரும் கவர்னர் பெயரும் கல்லில் இருக்கும். கல் சுமந்தவன் பெயர் எங்கே என்று பிள்ளையையே கேட்க விடுங்கள். அதற்கும் வசதியில்லையா? ஒரு கைப்பிடிப் பஞ்சை எடுத்து விரலால் இழுத்து முறுக்கிக் காட்டுங்கள். முறுக்குவதற்கு முன் ஊதினால் பறக்கும். முறுக்கேறிய பின் இழுத்தாலும் அறாது. அப்பாவும் அம்மாவும் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரியாமல் வளரும் பிள்ளைதான் அந்த வேலையை இழிவென்று நினைக்கும்.

நாம் செய்த பிழை

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் முதுகை மறைத்துக்கொண்டால் அது நேர்மை ஆகாது. சென்ற மே தினத்தன்று நம் சங்கங்களில் ஒன்றில் குழந்தைகளுக்கு ஓட்டப் பந்தயம் வைத்தோம். வென்ற பிள்ளைகளுக்கு நாமே மேடையில் நின்று கொடுத்த பரிசு என்ன தெரியுமா? பிளாஸ்டிக் துப்பாக்கி! "மலிவாகக் கிடைத்தது, டஜன் கணக்கில் வாங்கினோம்" என்று சொன்னோம். பரிசு வாங்கிய சிறுவன் மேடையிலேயே அதைத் தன் தங்கையின் நெற்றிக்கு நேரே நீட்டினான். கூட்டம் சிரித்தது, நாமும் சிரித்தோம். இரவு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. யாருடைய கையில் இருக்கும் துப்பாக்கி யாரை நோக்கி நீளும் என்று அறிந்த இயக்கம், குழந்தையின் கையில் அதைப் பரிசாகக் கொடுக்கலாமா? இனி நம் சங்க மேடைகளில் புத்தகமும் நோட்டும் வண்ணப் பென்சிலுமே பரிசு என்று முடிவு செய்திருக்கிறோம். எல்லாக் கிளைகளும் இதைச் செய்ய வேண்டும்.

தோழர்களே! போனஸ் போராட்டம் பணம் கைக்கு வந்ததோடு முடிந்துவிடவில்லை. வந்த பணம் எந்தக் கல்லாவுக்குப் போகிறது என்பதிலும் அது தொடர்கிறது. முழுப் போனஸையும் கேளுங்கள்; ஒரு காசு குறையாமல் வாங்குங்கள். வாங்கியபின் கடைத்தெருவுக்குப் போகுமுன் ஒரு நிமிஷம் வீட்டுக்குள் நில்லுங்கள். பிள்ளையைக் காலண்டருக்கு எதிரே நிறுத்துங்கள். "படி, கண்ணு" என்று சொல்லுங்கள். அவன் படிக்கிறானா, அவளுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.

பட்டியலை அங்கிருந்து தொடங்குங்கள்.